முழு அப்பர் வாங்கப்போகும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். அக்கா ஸ்பான்சர் செய்த கிரீன் கார்டில் குடும்பத்தோடு டாலஸ் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் பழகி, கடையில் முறைப்படி படிவம் நிரப்பி, பட்ஸ்டாக்கோடு (தோளில் வைத்துச் சுடுவதற்கான பின்கட்டை) ஒரு ஏஆர்-15 ரைபிளின் லோயர், அதாவது விசை இருக்கும் கீழ்ப்பாதி, வாங்கிவிட்டீர்கள். இப்போது அதன்மேல் மாட்ட ஒரு முழு அப்பர், அதாவது பேரல் (குழல்) உள்ள மேல்பாதி, வேண்டும். நண்பர் ஒருவர் பத்தரை இன்ச் பேரல் உள்ளதைத் தள்ளுபடியில் காட்டி, சின்னதாக, கையடக்கமாக இருக்கும், இதையே எடு என்கிறார். அதை வாங்கலாமா, வேறு எதைப் பார்த்து வாங்குவது, அதற்குத் தனியாக அனுமதி வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பத்தரை இன்ச் வேண்டாம். 16 இன்ச் பேரல், மிட்லெங்த் கேஸ் சிஸ்டம் (சுடும்போது வரும் வாயுவைத் திருப்பித் துப்பாக்கியை இயக்கும் அமைப்பு, நடுத்தர நீளத்தில்), 5.56 சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), போல்ட் கேரியரும் (சேம்பரை மூடும் போல்ட்டைத் தாங்கி முன்னும் பின்னும் ஓடும் பாகம்) சார்ஜிங் ஹேண்டிலும் (அதைக் கையால் இழுக்கும் பிடி) சேர்ந்தே வருவது, இந்த நான்கும் இருக்கிற ஒன்றை எடுங்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பிறந்த நண்பர்களுக்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு.

அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் ஏஆர்-15-இன் லோயர்தான் துப்பாக்கி. வரிசை எண் அதில்தான் இருக்கும், அதற்குத்தான் கடையில் நீங்கள் நிரப்பிய 4473 படிவமும் பின்னணிச் சோதனையும். அப்பர் வெறும் உதிரிபாகம். டெக்சாஸில் ஒரு ஜோடி ஷூ வாங்குவதுபோல ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடும். விற்பவர் உங்கள் விசா என்ன, லோயர் என்ன வகை, பேரல் நீளம் உங்களுக்குப் பொருந்துமா என்று எதையும் கேட்கமாட்டார். கேட்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அதனால் அந்தக் கேள்விகளையெல்லாம் நீங்களே உங்களிடம் கேட்டுக்கொண்டாக வேண்டும்.

1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் 16 இன்ச்சுக்குக் குறைந்த பேரல் உள்ள ரைபிளைத் தனி வகையாக வைத்திருக்கிறது. அதை உருவாக்குவதற்கு முன்பே, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பிடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகுதான் கை வைக்கலாம். முன்பு 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வரி பூஜ்யமாகிவிட்டது. வரி போனதை வைத்துக் கட்டுப்பாடே போய்விட்டது என்று நிறையப் பேர் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, பதிவும் ஒப்புதலும் அப்படியேதான் இருக்கின்றன. பட்ஸ்டாக் உள்ள உங்கள் லோயரில் பத்தரை இன்ச் அப்பரை மாட்டினால் அந்த நொடியே அது பதிவில்லாத குட்டை ரைபிள். மாட்டாமல் அலமாரியில் வைத்திருந்தாலும், உங்களிடம் வேறு பொருத்தமான லோயர் இல்லையென்றால், அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வி வரும். உங்கள் நண்பரிடம் பட்ஸ்டாக் இல்லாமல் பிஸ்டலாகவே தொடங்கிய லோயரோ பதிவு செய்த ஒன்றோ இருக்கலாம். அவருக்குச் சரியாக இருப்பது உங்களுக்குக் குற்றமாகிவிடும்.

குடியுரிமை உள்ளவருக்கு அது ஒரு கிரிமினல் வழக்கு. நமக்கு அதோடு நிற்காது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது, கிரீன் கார்டு உள்ளவரை நாடு கடத்துவதற்குக் குடியேற்றச் சட்டத்தில் தனியாக எழுதப்பட்ட காரணம். அக்கா மனுப் போட்டு எத்தனை வருஷம் காத்திருந்து வந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐந்தரை இன்ச் இரும்புக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

நீளத்தை எப்படி அளப்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போல்ட்டை மூடிவிட்டு, பேரல் வழியாக ஒரு குச்சியை விட்டு, போல்ட் முகத்திலிருந்து பேரலின் நுனிவரை அளக்க வேண்டும். நுனியில் திருகி மாட்டிய ஃபிளாஷ் ஹைடர் (நெருப்பு வெளிச்சத்தைக் குறைக்கும் பாகம்) கணக்கில் வராது. அதில் ஆணிபோல ஒரு பின்னை அடித்து, வெல்ட் வைத்து நிரந்தரமாக்கியிருந்தால் மட்டும் வரும். 14.5 இன்ச் அப்பர்கள் அப்படி வெல்ட் செய்து 16-ஐத் தாண்டி விற்கப்படுகின்றன, அவை சட்டப்படி சரிதான். ஆனால் பின்னால் ஹேண்ட்கார்டையோ (பேரலைச் சுற்றிய கைப்பிடி உறை) கேஸ் பிளாக்கையோ (பேரலின் வாயுத் துளைமேல் இருக்கும் பாகம்) மாற்ற நினைத்தால் அந்த வெல்டை அறுக்க வேண்டியிருக்கும். முதல் துப்பாக்கிக்கு அந்தத் தொந்தரவு எதற்கு?

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் குட்டை பேரல் புதியவருக்கு ஏற்றதில்லை. 5.56 சின்னத் தோட்டா, அதன் பலமே வேகம்தான். யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட் கம்பெனியில் வடிவமைத்த இந்தத் துப்பாக்கி, ராணுவத்துக்கு எம்16 ஆகப் போனபோது 20 இன்ச் பேரலோடுதான் போனது. பேரல் குறையக் குறைய வேகம் குறையும், சத்தமும் நெருப்பும் கூடும். கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் யாராவது பத்தரை இன்ச்சில் சுட்டால் நெஞ்சில் அடிக்கும். காதுமூடிக்கு மேல் இன்னொன்று போட்டாலும் போதாது போலத் தோன்றும்.

சரி, இனி 16 இன்ச் பேரல் உள்ளவற்றில் எதைப் பார்ப்பது. கேஸ் சிஸ்டத்தின் நீளம் என்பது, பேரலில் எந்த இடத்தில் துளை போட்டு வாயுவைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது. கார்பைன் நீளத்தில் துளை சேம்பருக்கு அருகில், அதாவது ஏறக்குறைய 7 இன்ச்சில் இருக்கும். அங்கே அழுத்தம் மிக அதிகம். போல்ட் படபடவென்று பின்னால் வந்து மோதும், பாகங்கள் சீக்கிரம் தேயும். மிட்லெங்த்தில் அது 9 இன்ச் அளவில். அதே தோட்டா, அதே பேரல், ஆனால் தோளில் உதைப்பது மென்மையாக இருக்கும். கார்பைன் கேஸ் போட்ட 16 இன்ச் அப்பர்கள் சில பத்து டாலர் மலிவாகக் கிடைக்கும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுவதே நல்லது.

சேம்பர் விஷயத்தில் 5.56 நேட்டோ என்றோ .223 வைல்ட் என்றோ இருந்தால் இரண்டு வகைத் தோட்டாவும் போடலாம். வெறும் .223 ரெமிங்டன் என்று குறித்திருந்தால் 5.56 போடக்கூடாது, அழுத்தம் எல்லை மீறும். ட்விஸ்ட், அதாவது பேரலுக்குள் உள்ள முறுக்கு, 1:7 அல்லது 1:8 (7 அல்லது 8 இன்ச்சுக்கு ஒரு சுற்று) இருந்தால் 55 கிரெய்ன் முதல் 77 கிரெய்ன் வரை எடையுள்ள குண்டு எதுவும் ஓடும். இதெல்லாம் பேரலின் மேலேயே பொறித்திருப்பார்கள். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் பேரலில் பொறித்திருப்பதைப் படித்துப் பாருங்கள்.

பேரலின் உள்ளே குரோம் பூச்சா நைட்ரைடா என்று பெரிய சண்டையே நடக்கும். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போகிறவருக்கு இரண்டும் நன்றாகவே உழைக்கும். அதில் நேரம் செலவழிக்காதீர்கள்.

நேரம் செலவழிக்க வேண்டியது போல்ட் கேரியரில். முதலில், விளம்பரத்தில் 'முழு அப்பர்' என்று இருந்தாலும் அடியில் சின்ன எழுத்தில் போல்ட் கேரியரும் சார்ஜிங் ஹேண்டிலும் இல்லை என்று போட்டிருப்பார்கள். விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். தனியாக வாங்கினால் இன்னும் நூறு, இருநூறு டாலர் போகும். சேர்ந்தே வருவதை வாங்குங்கள். பெட்டி வந்ததும் கேரியரை வெளியே எடுத்து, மேலே இரண்டு திருகுகளால் பிடித்திருக்கும் கேஸ் கீயைப் பாருங்கள். அந்தத் திருகுகளின் தலையைச் சுற்றி உலோகத்தை உளியால் அடித்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும், திருகு சுழலாமல் இருப்பதற்காக. பெயருக்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு அனுப்பியிருந்தால், சில நூறு தோட்டாவுக்குள் திருகு தளர்ந்து, வாயு கசிந்து, துப்பாக்கி பாதியில் நிற்க ஆரம்பிக்கும். என்னிடம் கொண்டுவந்து காட்டும் பல துப்பாக்கிகளில் நான் முதலில் விரலால் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். போல்ட் கார்பென்டர் 158 அல்லது 9310 எஃகு, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் காந்தத் துகள் சோதனை செய்தது என்று குறித்திருந்தால் நல்லது.

பிராண்ட் என்று கேட்டால், கையில் பணம் குறைவு என்றால் பால்மெட்டோ, கொஞ்சம் மேலே ஏரோ பிரிசிஷன், இன்னும் மேலே பிராவோ கம்பெனி அல்லது டேனியல் டிஃபென்ஸ். 300, 400 டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நடுவில் ஒன்றை எடுத்து, மிச்சத்தைத் தோட்டாவுக்கும் ஒரு நல்ல பயிற்சி வகுப்புக்கும் வைத்துக்கொள்வேன். இன்னொன்று, இப்போது வரும் பெரும்பாலான அப்பர்களின் மேல்பகுதி தட்டையாக, குறிபார்க்க எதுவும் இல்லாமல்தான் வரும். சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் ரெட் டாட் ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

.300 பிளாக்அவுட் என்ற வேறு வகைத் தோட்டாவுக்கான அப்பரும் ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஒரே மேகசின், ஒரே போல்ட், பேரல் மட்டும்தான் வேறு, அதனால்தான் அது ஆபத்து. .300 தோட்டா தவறி 5.56 சேம்பருக்குள் போய் போல்ட் மூடிக்கொண்டால், சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். அது நடந்த துப்பாக்கிகளின் படங்களைப் பார்த்தால் ஆசை போய்விடும். பழகும்வரை வீட்டில் ஒரே காலிபர் இருக்கட்டும்.

இனி வீட்டு விஷயம். உங்களுக்குக் கிரீன் கார்டு, சரி. அடுத்த வருஷம் அப்பா, அம்மா விசிட்டர் விசாவில் வருவார்கள். எச்-1பி-யில் இருக்கும் மச்சான் வார இறுதியில் வந்து தங்குவார். விசாவில் வந்திருக்கும் இவர்கள் யாரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கக் கூடாது, அது மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அவை இல்லாமல் ரேஞ்சில் ஒரு போட்டோவுக்காகக்கூட அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். 2022-க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கு 15 வருஷம் வரை சிறை. மச்சானின் விசா, பின்னால் வரவேண்டிய கிரீன் கார்டு எல்லாம் ஒரு போட்டோவில் போய்விடக்கூடாது. பூட்டின் சாவியும் எண்ணும் உங்களோடு மட்டும் இருக்கட்டும்.

குழந்தைகள் இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும். டெக்சாஸில் சுடத் தயாராக உள்ள துப்பாக்கியை நீங்கள் அலட்சியமாக வைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போய்விட்டால் உங்கள்மேல் வழக்கு வரும். இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு வசதி, இரண்டு பின்களைத் தள்ளினால் கருவி எதுவும் இல்லாமல் அப்பர் தனியாகக் கழன்றுவிடும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது போல்ட் கேரியரை எடுத்து வேறு அறையில் பூட்டி வைத்தேன், தோட்டா மூன்றாவது இடத்தில். இரும்புப் பெட்டி வாங்கும்வரை அப்பரையே வாங்காமல் தள்ளிப்போட்டாலும் தவறில்லை.

வேலை மாறி வேறு மாநிலம் போவதும் நமக்குச் சகஜம். கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், இல்லினாய், வாஷிங்டன் என்று நம்மவர்கள் அதிகம் போகும் மாநிலங்களிலேயே இந்த வகைக்குக் கடுமையான தடையோ கட்டுப்பாடோ இருக்கிறது. இல்லினாயும் வாஷிங்டனும் 2023-இல் கொண்டுவந்தன. சியாட்டிலில் வேலை கிடைத்தால் மூட்டை கட்டும் லாரியில் இதையும் ஏற்றி அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். முதலில் அந்த மாநிலச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் பேசுங்கள்.

ஊருக்குப் போகும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எக்காரணம் கொண்டும் எடுத்துப்போகாதீர்கள். பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தால் போதும், திரும்பி வரும்போது சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், ஆயுதச் சட்டப்படி வழக்கு, பாஸ்போர்ட் முடக்கம், மாதக்கணக்கில் நீதிமன்றம். அப்பர் உதிரிபாகம்தானே, ஊரில் ஒருவருக்கு ஆசை என்று எடுத்துப்போகவும் முடியாது. அமெரிக்காவிலிருந்து பேரலையும் போல்ட்டையும் வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் வேண்டும்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அப்பரின் விவரத்தை, அதாவது பேரல் நீளம், கேஸ் நீளம், சேம்பர், போல்ட் கேரியர் உண்டா இல்லையா என்பதை, ஆர்டர் போடுவதற்கு முன் எனக்கு எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன். தள்ளுபடி இன்று முடிகிறது என்று அவசரப்பட வேண்டாம், அடுத்த வாரமும் ஒன்று வரும்.