விளக்கேற்றித் தேடிய பெண்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஒன்பது வயது. படம் போட்ட விவிலியம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தவள், “கடவுள் ஆம்பளையாம்மா?” என்று கேட்டாள். கடவுளுக்கு உருவமே கிடையாது என்றேன். “அப்புறம் ஏன் எல்லாப் படத்துலயும் தாடி இருக்கு?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தந்தை, மகன் என்றே செபிக்கிறோம். பெண் என்று பார்த்தால் ஒரு பக்கம் கன்னி மரியா, இன்னொரு பக்கம் அழுதுகொண்டே இருக்கும் மகதலா மரியா. இரண்டுக்கும் நடுவில் என்னைப் போன்ற ஒருத்திக்கு இடம் எங்கே? கோளாறு வேதத்திலா, வரைந்தவர்களிடமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். படம்தானே என்று நாம் விட்டுவிடுகிறோம். பெண்களைப் பீடத்திலிருந்து தள்ளி நிறுத்தியதில் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

மகதலாவிலிருந்தே தொடங்குகிறேன். நான்கு நற்செய்திகளில் எதிலும் அவர் விலைமகள் இல்லை. ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர், தன் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கு உதவியவர், சிலுவையருகே நின்றவர், உயிர்த்தவரைக் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவர். லூக்கா 7-இல் இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைக்கும் பெண் வேறு ஆள். அவருக்கு லூக்கா பெயரே தரவில்லை. 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு மறையுரையில் இந்த இருவரையும், கூடவே மார்த்தாவின் சகோதரியான பெத்தானியா மரியாவையும், ஒரே பெண்ணாக்கினார். ஓவியர்களுக்கு அந்தக் கூந்தல் கிடைத்துவிட்டது.

15-ஆம் நூற்றாண்டில் தொனாத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலா ஃபுளோரன்ஸில் இருக்கிறது. ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண்கள். கூந்தலே ஆடையாக உடம்பெல்லாம் தொங்குகிறது. செபத்துக்குக் கைகள் குவிகின்றன, ஆனால் இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சின்ன இடைவெளி என்னை எப்போதும் கலங்க வைக்கும். மகத்தான சிற்பம்தான். ஆனால் அந்தக் கூந்தல் இன்னொருத்தியுடையது. மகதலாவுக்கே சொந்தமான “ஆண்டவரைக் கண்டேன்” என்ற செய்தியை அந்தச் சிலையில் எங்கே தேடுவது? 1969-இல் கத்தோலிக்கத் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்தக் குழப்பத்தை நீக்கினார்கள். 2016-இல் அவருடைய நாளைத் திருத்தூதர்களின் நாளைப் போல விழாவாக உயர்த்தினார்கள். 591-க்கும் 1969-க்கும் நடுவில் 1,378 ஆண்டுகள்!

சரி, படம் எப்படிச் சட்டமாகிறது? 1976-இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. இயேசு ஆண்களையே திருத்தூதர்களாகத் தேர்ந்தார் என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. கூடவே இன்னொன்றும் சொன்னது: திருப்பலியில் குரு கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார், அவர் ஆணாக இல்லாவிட்டால் அவரிடம் கிறிஸ்துவின் சாயலைக் காண்பது கடினம். எத்தனை முறை படித்தும் என்னால் இதை ஏற்க முடியவில்லை. இயேசு யூதர். குருவும் யூதராக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே? ஆண் உடம்பு ஒன்றில் மட்டும் சாயல் ஏன் கட்டாயமாகிறது? ஆணையும் பெண்ணையும் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்றுதான் தொடக்கநூலின் முதல் அதிகாரமே சொல்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை 1994 முதல் பெண்களுக்குக் குருத்துவம் தருகிறது; அங்கே யாருக்கும் கிறிஸ்து மறைந்துபோய்விடவில்லை.

வேதத்தின் மேல் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெண் கற்பிக்கக் கூடாது என்கிற 1 திமொத்தேயு 2-ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. அதே வேதத்தில்தான் உரோமையர் 16-இல் பவுல் யூனியா என்ற பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்கிறார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த திருச்சபைத் தந்தை யோவான் கிறிசோஸ்தோம் அவரைப் பெண் திருத்தூதர் என்றே புகழ்ந்தார். பின்னால் வந்தவர்கள் ‘யூனியாஸ்’ என்று வாசித்து அவரை ஆணாக்கிவிட்டார்கள். ஒரு பெயரின் வாலை மாற்றினால் போதுமாயிருந்தது.

உங்கள் மகளுக்கு என்ன சொல்வது? லூக்கா 15-ஐ அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். மூன்று உவமைகள். காணாமல்போன ஆட்டைத் தோளில் சுமந்து வரும் ஆயரை எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். ஊதாரி மகனை அணைத்துக்கொள்ளும் தந்தையை ரெம்பிராண்ட் வரைந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவில், பத்துத் திராக்மாவில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கித் தேடும் ஒரு பெண் இருக்கிறாள். ஆயரும் தந்தையும் கடவுளுக்கு உருவகம் என்றால் அவளும்தான். 17-ஆம் நூற்றாண்டில் டொமெனிகோ ஃபெட்டி அவளை வரைந்தார்: இருட்டறையில் விளக்கோடு தரையைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள். ஆயரை வரைந்த அளவுக்கு அவளை யாரும் வரையவில்லை.

அந்தப் பெண் வரும் எட்டாம் வசனம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, இந்தக் கடவுளை வரைந்து காட்டு என்று மகளிடம் சொல்லுங்கள். வரைந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா