வயசான அம்மா அப்பா, சின்னப் பிள்ளையளோட ஒன்ராறியோவில ஏரிக்கரை கபினுக்குப் போறது எப்படி?

கேள்வி இதுதான்: ரொறன்ரோவில இருந்து வாற கோடைக்கு எட்டுப் பேர் போகவேணும், அம்மாவும் அப்பாவும் எழுபது தாண்டினவை, ரெண்டு சின்னப் பிள்ளையள், ரென்ற்றில நிலத்தில படுக்க ஏலாது, ஏரிப் பக்கமா கபின் எடுக்கிறதெண்டால் எந்தப் பார்க், எப்ப புக் பண்ணுறது, என்ன கொண்டுபோறது.

எங்கட வீட்டில கோடை வந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போறது, அதால எனக்குத் தெரிஞ்சதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். முதலாவது, படத்தில ஏரி எவ்வளவு வடிவாத் தெரியுது எண்டதை வச்சுக் கபின் எடுக்காதேங்கோ, கபின் கதவில இருந்து வொஷ்ரூம் எவ்வளவு தூரம் எண்டு பாத்து எடுங்கோ. ஒன்ராறியோ பார்க்ஸ், அதாவது மாகாண அரசு நடத்துற பார்க்குகளின்ர கபின் எண்டால் கனக்க இடத்தில ஒரு கூரை, தட்டுக் கட்டில், மெத்தை, லைற், ஹீற்றர், வெளியில ஒரு விறாந்தை, அவ்வளவுதான், உள்ள தண்ணிக் குழாயும் இல்லை கக்கூஸும் இல்லை. இரவில ரெண்டு மூண்டு தரம் எழும்புற அப்பாவுக்கு இருட்டில கல்லும் வேருமா இருக்கிற பாதையில நடக்கிறதுதான் முழுப் பயணத்திலயும் பெரிய பிரச்சினை. பார்க் மப்பில கொம்போர்ட் ஸ்ரேஷன் எண்டு போட்டிருந்தால் தண்ணி அடிக்கிற கக்கூஸும் ஷவரும் இருக்கும், மற்றது வெறும் குழிக் கக்கூஸ். இதைப் பாக்காமல் காசு கட்டாதேங்கோ. தலையில கட்டுற லைற் ஆளுக்கொண்டு வாங்குங்கோ, அம்மாக்கும் சேர்த்து.

ஒன்ராறியோ பார்க்ஸ் சைற்றில புக்கிங் 5 மாதத்துக்கு முதல் காலமை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் 10 போய் இறங்கவேணும் எண்டால் மார்ச் 10 காலமை 7 மணிக்கு முதலே லொகின் பண்ணி இருக்கவேணும், கபின்கள் கொஞ்சம்தான் இருக்கு, சனி ஞாயிறு எல்லாம் கண்மூடி முழிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். கிடைக்காட்டி மனம் விடாதேங்கோ, ஆக்கள் கான்சல் பண்ணிக்கொண்டுதான் இருப்பினம், இடம் வந்தால் ஈமெயில் வாற மாதிரி அந்த சைற்றிலயே போட்டு வைக்கலாம். கிழமை நாள், செவ்வாய் புதன் எண்டால் இன்னும் சுகம். ஒரு கபினில 5, 6 பேர்தான் படுக்கலாம், நீங்கள் எட்டுப் பேர் எண்டபடியால் பக்கத்தில ஒரு ரென்ற் சைற்றும் சேர்த்து எடுத்து, இளம் ஆக்களை அங்க படுக்க விடுங்கோ. ஒரு வாகனத்துக்குத்தான் பெர்மிற் சேர்ந்து வரும், ரெண்டாவது காருக்குத் தனியக் காசு, பகலில வந்து பாத்திட்டுப் போற சித்தப்பா குடும்பத்துக்கும் நாள் பெர்மிற் வேணும்.

எந்தப் பார்க் எண்டால், உங்கட குடும்பத்துக்கு நான் சொல்லுறது ஆரோஹெட். ஹன்ஸ்வில்லுக்குக் கிட்ட, ஹைவே 11 இல இறங்கினால் உடன வந்திடும், ரொறன்ரோவில இருந்து ரெண்டரை மணித்தியாலம் மாதிரி. மருந்து மாத்திரை எதும் தவறினால் பத்துப் பதினைஞ்சு நிமிஷத்தில கடையும் ஆஸ்பத்திரியும் இருக்கிற ரவுண், அம்மா அப்பாவோட போறவைக்கு இதை விடப் பெரிய நிம்மதி இல்லை. ஏரி சின்னன், மோட்டர் போட் விடுறதில்லை, சத்தமே இருக்காது. பான்குரொஃப்ற் பக்கம் இருக்கிற சைலன்ற் லேக்கும் அப்படித்தான், அங்கயும் மோட்டர் போட்டுக்கு இடமில்லை. பொன் எக்கோ எல்லாத்திலயும் அழகு, மாசினோ ஏரிக்குள்ள இருந்து 100 மீற்றர் உயரத்துக்கு நிமிர்ந்து நிக்கிற பாறை, அதில இந்த மண்ணின்ர பூர்வகுடி ஆக்கள் செங்காவியால கீறின 260 க்கு மேற்பட்ட ஓவியங்கள், தண்ணியில போய்த்தான் கிட்டப் பாக்கலாம். ஆனால் மூண்டரை மணித்தியாலம் ஓடவேணும், போன் சிக்னலும் நம்ப ஏலாது. அம்மா அப்பா காரில நெடுக இருக்கக்கூடிய ஆக்கள் எண்டால் மட்டும் போங்கோ.

மே கடைசி, ஜூன் தொடக்கம் வேண்டாம், கறுப்பு ஈ கடிச்சுப் பிள்ளையளின்ர கழுத்தெல்லாம் வீங்கும். ஜூலையில நுளம்பு. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு இரண்டும் குறைஞ்சிடும், இரவில மட்டும் குளிரும், அதுக்கு ஹீற்றர் இருக்குத்தானே. போர்வை தலையணி எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோகவேணும். புல்லுக்குள்ள நடந்திட்டு வந்தால் காலில, தலைக்குள்ள உண்ணி இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்திடுங்கோ.

சாப்பாட்டை வீட்டிலயே முக்கால்வாசி முடிச்சிட்டுப் போங்கோ. ஆட்டிறைச்சிக் கறி, பருப்பு எல்லாம் தட்டையாப் பையில போட்டு உறைய வச்சால் கூலர் பெட்டிக்குள்ள ஐஸ் மாதிரியும் உதவும், றொட்டியும் வீட்டில சுட்டுக்கொண்டு போனால் பின்னேரம் கொத்துப் போட்டிடலாம், பாணும் சீனிச்சம்பலும் இருந்தால் காலமைச் சாப்பாட்டுக்கு அடுப்பே மூட்டத் தேவையில்லை. கபினுக்குள்ள சமைக்க விடமாட்டினம், சாமி விளக்கு, சாம்பிராணியும் கொளுத்தப்படாது, அம்மாட்ட முதலே சொல்லி வையுங்கோ. சாப்பிட்டு முடிஞ்ச கையோட கூலர், குப்பை, பற்பசை கூட காருக்குள்ள போகவேணும், கறுப்புக் கரடி இருக்கிற காடு, எங்கட கறி வாசம் நல்லாத் தூரம் போகும். விறகு வீட்டில இருந்து ஏத்தாதேங்கோ, அங்கயே வாங்குங்கோ. ஆஷ் மரங்களைக் கொல்லுற பச்சை வண்டு 2002 இல வின்சரில காணப்பட்டது, பிறகு ஆக்கள் ஏத்திக்கொண்டு போற விறகோடயும் சேர்ந்துதான் அது ஊர் ஊராப் பரவினது. இரவோ பகலோ அளவுக்கு மிஞ்சின சத்தம் கூடாது, ஸ்பீக்கரைப் பெருசாப் போட்டால் வார்டன் வந்து ரிக்கற் எழுதலாம்.

எல்லாத்திலயும் முக்கியம் தண்ணி. ஒன்ராறியோ பார்க்ஸ் பீச்சில லைஃப்கார்ட் இல்லை, ஒருத்தருமில்லை. மிதவை கட்டியிருக்கிறதைப் பாத்திட்டு அதுக்குள்ள பாதுகாப்பு எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர், அது நீந்துற இடம் எது எண்டு காட்டுறதுக்கு மட்டும்தான். முட்டளவில நிண்டு விளையாடுற பிள்ளை ரெண்டு எட்டு வச்சால் கழுத்தளவு வாற ஏரிகள் இருக்கு, பிள்ளை தாழேக்கச் சத்தம் போடாது, கையடிச்சுக் கூப்பிடாது, அப்படியே உள்ள போயிடும். பெரியாக்கள் பத்துப் பேர் கரையில இருந்து கதைச்சுக்கொண்டிருந்தால் ஒருத்தரும் பாக்கேல்லை எண்டுதான் அர்த்தம், அதால அரை மணித்தியாலத்துக்கு ஒராள் எண்டு முறை வையுங்கோ, முறைக்காரர் போனை மற்றவரிட்டக் குடுத்திட்டுத் தண்ணிக்குள்ள, பிள்ளையைக் கைநீட்டித் தொடக்கூடிய தூரத்தில நிக்கவேணும், குடிச்ச ஆக்களுக்கு முறை குடுக்காதேங்கோ. லைஃப் ஜாக்கெற் கன பார்க்கில இரவலாத் தருவினம், ஆனால் உங்கட பிள்ளையின்ர நிறைக்குச் சரியானது அண்டைக்கு இருக்குமோ தெரியாது, நீங்களே வாங்கிக்கொண்டு போங்கோ. காத்து ஊதுற மெத்தை, வளையத்தை நம்பாதேங்கோ, கரைக்காத்து அடிச்சால் நடு ஏரிக்குக் கொண்டுபோயிடும். இப்ப இருந்தே பிள்ளையளை உங்கட சிற்றியின்ர நீச்சல் வகுப்பில போட்டால் வாற கோடைக்கு நல்லாப் பழகியிருப்பினம், கபினுக்கு முதல் அதைப் பதிஞ்சு விடுங்கோ.