குளித்தால் தலை சுற்றுவது: முதலில் கேஸ் கீசரை நிறுத்துங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் உங்கள் பழைய வீட்டில் குளித்துவிட்டு வந்தாலே அம்மாவுக்குத் தலைவலி, மயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கேஸ் வாசனையும் இல்லை என்கிறீர்கள். குளியலறையில் வெந்நீர் போடும் அந்த கேஸ் கீசரை இன்றே நிறுத்திவிடுங்கள். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாறும், அதற்கென்றே வாசனை சேர்க்கிறார்கள். ஆனால் காற்று போதாமல் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளிருக்காக ஜன்னலை வேறு அடைத்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அம்மாவை இன்றே மருத்துவரிடம் கூட்டிப்போய், கீசர் விஷயத்தையும் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், அதற்கு இந்த வாயுவைப் பிரித்தறியத் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் சரி. அப்புறம் வீட்டுக்காரரிடம் பேசி கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதும் என்று அவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.