கந்தோருக்கு உடுப்பு: கிளிநொச்சித் தையல்காரியிடம் கேளுங்கள்

கிளிநொச்சியில் தையற்கடை வைத்திருக்கிறேன். என்னிடம் தைப்பவர்களில் கூடுதலானோர் ஆசிரியைகள், பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் வேலை செய்பவர்கள். கட்டுப்பாடான இடத்தில் வேலை செய்துகொண்டே தனக்குப் பிடித்தபடி உடுப்பது எப்படி என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்கிறேன். கலியாண பிளவுஸ் பற்றி இன்று வேண்டாம். ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன்: பருத்தித் துணியையும் லைனிங்கையும் நனைத்துக் காயவைத்த பிறகுதான் தைக்கக் கொடுங்கள்.

மல்லாவி, ஆசிரியை: அக்கா, பள்ளிக்கூடத்தில் சாறிதான். எல்லாரும் ஒரேமாதிரித் தெரிகிறோம். எனக்கென்று ஒரு அடையாளம் வேண்டும், ஆனால் அதிபர் கூப்பிட்டுப் பேசும்படி இருக்கக்கூடாது.

தங்கச்சி, சாறியை எல்லாரும் கடையில்தான் வாங்குகிறோம். உங்கள் உடம்புக்கென்று வெட்டுவது பிளவுஸ் ஒன்றைத்தான். ஆகவே காசையும் யோசனையையும் அதில் போடுங்கள்.

சாறியோடு வரும் பிளவுஸ் துண்டை மறந்துவிடுங்கள். பூப்போடாத கைத்தறித் துணியில் மூன்று நிறம் எடுங்கள்: கடுகு மஞ்சள், கருநீலம், செங்கல் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் சாறிகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றோடு சேரும். ஒரே சாறி வேறு பிளவுஸோடு வேறு சாறியாகத் தெரியும். கழுத்தை மூடித் தையுங்கள், கையை முழங்கைவரை விடுங்கள், கழுத்து விளிம்பில் வேறு நிறத்தில் மெல்லிய பைப்பிங் வையுங்கள். எந்த அதிபரும் இதில் பிழை கண்டுபிடிக்கமாட்டார். ஆனால் ஸ்டாஃப் ரூமில் இருக்கிற பெண்கள் எல்லாரும் கவனிப்பார்கள்.

அப்புறம் கைக்குழி, அதாவது பிளவுஸில் கை பொருத்துகிற வளைவு. அதை இறக்கி வெட்டினால் கை இலகுவாக இருக்கும் என்று பலர் கேட்டு வாங்குகிறார்கள். நடப்பது மறுதலை. இறங்கிய கைக்குழி, கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதையும் மேலே இழுக்கும். கைக்குழி அக்குளுக்குக் கிட்ட ஏறி நிற்கவேண்டும். அப்போதுதான் கரும்பலகையின் மேல்வரியில் எழுதினாலும் இடுப்பு தெரியாது, முதுகைத் தடவித் தடவிச் சரிசெய்யவும் வேண்டியதில்லை. அளவு பார்க்கும்போது கண்ணாடிக்கு முன் சிலைபோல நிற்காமல், கையைத் தூக்கிச் சுவரில் எழுதிப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க உடுப்பை மறந்து வேலை செய்ய முடிகிறதே, அதுதான் ஒருவரை எடுப்பாகக் காட்டும்.

பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள். உடம்பு மாறும்போது பிரித்து விடலாம்.

வவுனியா, வங்கி: நீட்டுக்கை சேர்ட்டும் டையும் கட்டாயம். ஆண்களுக்கு இதில் என்ன செய்ய இருக்கிறது?

தோள் தையலைப் பாருங்கள் தம்பி. அது தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கவேண்டும். ரெடிமேட் சேர்ட்டில் பெரும்பாலும் அது கைக்கு இறங்கி நிற்கும், ஆளைச் சோர்வாகக் காட்டும். கையின் நீளம் மணிக்கட்டு எலும்பை மூடினால் போதும். இரண்டும் சரியாக இருந்தால் வெறும் வெள்ளைச் சேர்ட்டே உங்கள் சேர்ட் என்று தெரியும். துணியில் கோடு, கட்டம் வேண்டுமென்றால் சிறிதாக எடுங்கள். தைக்கமுன் துணியை நனைத்துவிடுங்கள், கொலர்தான் முதலில் சுருங்கிக் காட்டிக்கொடுக்கும்.

நெடுங்கேணி, அபிவிருத்தி உத்தியோகத்தர்: நான் கறுப்பு. எந்த நிறம் எடுபடும்?

பிடித்த நிறம் எல்லாம். மெல்லிய வெளிறிய நிறங்களைத்தான் கடைக்காரர் உங்களுக்கு எடுத்துப் போடுவார்கள். கடும் பச்சை, மாதுளை, மயில்நீலம் கேட்டு வாங்குங்கள். கறுத்த உடம்பில் இவை எழும்பி நிற்கும்.

முகமாலை, கண்ணிவெடி அகற்றும் பணி: வேலை உடுப்பு தொளதொளவென்று இருக்கிறது. அளவாக்கித் தருவீர்களா?

காற்சட்டை, சேர்ட் என்றால் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள், செய்து தருகிறேன். பாதுகாப்புக் கவசத்தில் ஒரு ஊசியும் குத்தமாட்டேன். வேறு யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம்.

கிளிநொச்சி, அரச அலுவலர்: முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். சாறி உடுக்க விருப்பம், ஆனால் கொசுவம் காலில் சிக்கி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன்.

உடுக்கலாம் அக்கா. ஒழுங்கு மட்டும் மாறவேண்டும்: முதலில் செருப்பு, பிறகு உட்பாவாடை, கடைசியாகச் சாறி.

செயற்கைக் காலைப் பொருத்தும்போது ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குத்தான் அமைப்பார்கள். சாறிக்கென்று உயர்ந்த குதிச் செருப்பை மாட்டினால் உடம்பின் பாரமே முன்னுக்குத் தள்ளப்படும். சாறியில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். குதி மாற்ற விருப்பமென்றால் கால் செய்து தந்த நிலையத்தில் கேட்டு, அதற்கேற்பச் சரிசெய்துகொண்டு தொடங்குங்கள்.

உடலை ஒட்டிய மீன்வால் உட்பாவாடை வேண்டாம், எட்டு வைக்க விடாது. கீழே நன்றாக விரியும் பாவாடை தையுங்கள். செயற்கைக் காலின் விளிம்பில் பருத்தித் துணி பிடித்து இழுக்கும். அந்தப் பக்கம் மட்டும் உட்புறத்தில் வழுக்குகிற லைனிங் துணியை வைத்துத் தைத்தால் பாவாடை தானாக இறங்கி விழும். பாவாடையின் விளிம்பு கணுக்காலோடு நிற்கட்டும்.

கொசுவத்தை மடித்து, இடுப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்கு உட்புறமாகக் கையால் தைத்துவிடுங்கள். முழங்காலடியில் ஊசி குத்தவேண்டாம், அது நடையைக் கட்டிப்போடும். மொரமொரப்பான கஞ்சிச் சாறி விறைத்து நிற்கும், மெல்லிய ஷிபோன் காலில் ஒட்டும். நடுத்தர கனமுள்ள பழகிய பருத்திச் சாறி நல்லது. கடைக்கு வர வசதியில்லை என்றால் ஆளனுப்பி அளவெடுக்கிறேன்.

புதுக்குடியிருப்பு, ஆசிரியை: ஸ்கூட்டியில் செம்மண் ரோட்டால் போகிறேன். மாரியில் சாறி முழங்கால்வரை சேறு. பஞ்சாபி (சல்வார்) போட்டுப் போக முடியாதா?

சட்டத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லாரும் கேள்விப்பட்டதை வைத்துத்தான் பேசுகிறோம். 2019 மே இறுதியில் அரச அலுவலகங்களில் பெண்கள் சாறி அல்லது ஒசரிதான் (கண்டிச் சாறி) அணியவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது, எதிர்ப்பு எழுந்தது. 2022 செப்டெம்பரில், பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டி, கடமைக்குப் பொருத்தமான கண்ணியமான உடையில் வரலாம் என்று அரச ஊழியருக்குத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பல ஆசிரியைகள் சாறி அல்லாத உடையில் பாடசாலைக்குப் போனபோது, கல்வி அமைச்சு ஆசிரியைகளுக்குச் சாறிதான் என்று நின்றது. எனவே கந்தோரில் இருப்பவரும் நீங்களும் ஒன்றல்ல. இப்போது நடைமுறையில் இருக்கும் சுற்றறிக்கையின் பிரதியை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். தனியாகப் போய் மாட்டிக்கொள்ளாமல் ஆசிரியர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரைக்கும்: கொசுவத்தையும் இடுப்பையும் தைத்துவைத்த சாறி ஒன்று செய்து தரலாம். பஞ்சாபியில் போய்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். சாறியோடு வண்டியில் போவதென்றால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகி ஊசி குத்தாமல் ஏறாதீர்கள். பின்னால் ஒருபக்கமாக இருந்து போகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. சில்லுக்குள் முந்தானை போனால் ஆளையே இழுத்து விழுத்திவிடும்.

ஓய்வுபெற்ற அதிபர், முல்லைத்தீவு: தையல்காரரே இப்படிச் சொல்வது கவலை தருகிறது. சாறி ஆசிரியைக்கு மரியாதை. அதை விட்டால் பிள்ளைகள் மதிக்கமாட்டார்கள்.

ஐயா, சாறியில் எனக்கு வெறுப்பில்லை, என் அடுப்பு எரிவதே அதனால்தான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒரு காலத்தில் ஆண் ஆசிரியர்கள் வேட்டியோடும் நாசனல் சட்டையோடும் வந்தார்கள். நீட்டுக் காற்சட்டைக்கு மாறினார்கள். அப்போது மரியாதை போய்விட்டது என்று யாரும் சுற்றறிக்கை விடவில்லை. பெண்கள் மாறக் கேட்டால் மட்டும் ஏன் பிள்ளைகளின் மரியாதை நடுங்குகிறது?

அதே அதிபர்: ஆண்கள் மாறியதும் பிழைதான். பஞ்சாபி எங்களுடைய உடுப்பா?

உங்கள் நிலைப்பாடு இருபாலாருக்கும் ஒன்றாக இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் எங்களுடைய உடுப்பு எது? எங்கள் பூட்டிமார் குறுக்குக்கட்டோடு வயலில் நின்றவர்கள். நான் தைக்கிற கொக்கி வைத்த பிளவுஸும் நாடா வைத்த உட்பாவாடையும் வெள்ளைக்காரர் காலத்தில்தான் பரவின. அதையும் ஒருகாலத்தில் புதுப் பழக்கம் என்று பேசியிருப்பார்கள்.

ஒட்டுசுட்டான், ஆசிரியை: எனக்குச் சாறி உயிர். நாளைக்குப் பஞ்சாபி விட்டாலும் சாறிதான் உடுப்பேன். ஆனால் விரும்பி உடுக்கிறேனா, கட்டாயத்துக்கு உடுக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் இருப்பதுதான் பிடிக்கவில்லை.

எனக்கும் இதுதான் கருத்து, நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

மாங்குளம்: அதிபர் ஐயா மாரி காலத்தில் சாறியோடு சைக்கிள் ஓடிப் பார்க்கட்டும்.

பெரியவரை அப்படிப் பேசவேண்டாம். வாதத்துக்கு வாதம் வையுங்கள், ஆளைத் தொடாதீர்கள். என் முடிவான கருத்து: நீட்டுக்கை வைத்து, முழங்காலுக்குக் கீழே இறங்கி, சால்வையோடு தைத்த பஞ்சாபியை ஆசிரியைகளுக்கு அனுமதிக்கவேண்டும். சாறியை விரும்புகிறவர் அப்போதும் உடுப்பார். அடுத்த கேள்விக்குப் போவோம்.

வவுனியா, பல்கலைக்கழக அலுவலர்: மாநிறத்துக்கு எந்த நிறம்?

நெடுங்கேணிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

பரந்தன்: என் வெள்ளைச் சேர்ட்டுகள் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டன. நல்ல சவர்க்காரம் எது?

சவர்க்காரத்தை மாற்றிப் பயனில்லை. எங்கள் பக்கம் பல கிணறுகளில் கல்சியம் கூடிய தண்ணீர். கட்டிச் சவர்க்காரம் அதோடு சேர்ந்து பசையாகி நூலில் ஒட்டும், அந்தப் பசைதான் சாம்பல் நிறம். கறுப்பு உடுப்பில் அதுவே வெள்ளைப் படையாகத் தெரியும். வெள்ளைக்குச் சலவைத்தூள் போடுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்குச் சிறிது வினாகிரி விடுங்கள், பசை கழன்றுபோகும். மாரியில் கூரைத் தண்ணீர் பிடித்து வெள்ளைகளை அதில் தோய்த்தால் இன்னும் நல்லது.

பெயர் வேண்டாம்: கணவர் இல்லை. கந்தோருக்கு நிறச் சாறி உடுத்து, பொட்டு வைத்துப் போனால் கதைக்கிறார்கள்.

உடுங்கள் அம்மா. வையுங்கள். எந்தச் சுற்றறிக்கையும் உங்களை வெளிறிய நிறத்தில் வரச் சொல்லவில்லை, அது ஊர் வாய். வன்னியில் எத்தனை பெண்கள் தனியாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று கதைக்கிறவர்களுக்கும் தெரியும். ஒரேநாளில் மாறத் தயக்கமென்றால் பிளவுஸில் தொடங்குங்கள், பிறகு கரை, பிறகு முழுச் சாறி. கந்தோரில் உங்களைப்போல இன்னொருவர் இருந்தால் இருவரும் ஒரேநாளில் உடுத்துப் போங்கள். துணி எடுக்க வரும்போது சொல்லுங்கள், கூடவந்து எடுத்துத் தருகிறேன்.

அறிவியல் நகர், ஆடைத் தொழிற்சாலை: வேலைச் சட்டைக்கு மேலே தனியாக எதுவும் போட முடியாது. தலைமுடியும் மூடித்தான். என்ன செய்வது?

இயந்திரத்துக்குக் கிட்ட வேலை செய்கிறவர் சால்வை, தொங்குதோடு, தளர்ந்த காப்பு போடவேண்டாம். பை உங்களுடையது. பனையோலையில் நிறம் தோய்த்துப் பின்னிய கைப்பை நம் மாவட்டங்களிலேயே கிடைக்கிறது, அதைத் தோளில் போட்டு வாசலுக்குள் நுழையுங்கள்.

மன்னார்: கொட்டன் சாறி வாங்கினேன், சாயம் போகிறது. உப்பு போட்டு ஊறவைத்தால் நிற்குமா?

நிற்காது. முதல் சில தரம் தனியாகப் பச்சைத்தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். மிஞ்சிய சாயம் போய்த் தீர்ந்தபிறகு மற்ற உடுப்போடு சேருங்கள்.

முறிகண்டி: அக்கா, ஒல்லியாகத் தெரிய எந்த நிறம்?

நிறத்தை விட்டுவிட்டுத் தோளையும் கைக்குழியையும் சரியாக வெட்டச் சொல்லுங்கள். கடைசியாக எல்லாருக்கும் ஒன்று: கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கினால் வைகாசியிலிருந்து கந்தோரில் இருக்கமுடியாத வெக்கை. பொலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, பருத்தி உறிஞ்சும். இப்போதே பருத்தித் துணி எடுங்கள், நனைத்துக் காயவைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் கடையில் வேலை கூட, ஆகவே பங்குனிக்குள் அளவு தந்துவிடுங்கள்.