கோபி பாலைவனப் பயணத்துக்கு ஓட்டுநரும் வழிகாட்டியும் வீண் செலவா?

கேள்வி: மங்கோலியாவில் கோபி பாலைவனமும் புல்வெளியும் பார்க்க நண்பர்களோடு போகிறோம். ஓட்டுநர், வழிகாட்டி என்று இரண்டு பேருக்குப் பணம் கொடுப்பது வீண்தானே? ஜீப்பை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போனால் என்ன?

பதில்:

'வீண்' என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. என் அப்பா மதுரையில் 32 வருடம் சுற்றுலா வேன் ஓட்டியவர். ராமேஸ்வரத்துக்கு எத்தனை முறை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் கோயிலுக்குள் போய்ப் பிரகாரம் சுற்றியது ஒரே ஒரு முறை, அதுவும் ஓய்வு பெற்ற பிறகு நான் அழைத்துப் போனபோது. அதனால் ஓட்டுநர் சம்பளத்தை யாராவது வீண் செலவு என்றால் எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஒருதலைப்பட்சமாக எழுதுகிறேன் என்று பின்னால் சொல்ல வேண்டாம், முன்னாலேயே சொல்லிவிட்டேன். எந்தச் சுற்றுலா நிறுவனத்தோடும் எனக்குத் தொடர்பு கிடையாது.

உங்களுக்கு முப்பது வயது இருக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து லடாக் வரை வண்டி ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தைரியத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மச்சினனும் இதையேதான் கேட்டான். 2019 ஜூலைக் கடைசியில் நான், மனைவி, அவன், அவனுடைய நண்பர் ஒருவர் என்று நாலு பேர் எட்டு நாள் போனோம். சாகான் சுவார்கா, யோலின் ஆம் பள்ளத்தாக்கு, ஹோங்கோரின் எல்ஸ் மணல்மேடுகள், பயன்சாக், ஓங்கி மடத்தின் இடிபாடுகள், அப்புறம் வடக்கே ஏறி ஓர்ஹோன் பள்ளத்தாக்கு, ஹார்ஹோரின், திரும்ப உலான்பாதர். பெரும்பாலோர் போகிற வழிதான். நாங்களே ஓட்ட வேண்டும் என்று அவன் ஒரு மாதம் வாதாடினான். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டப்படி தடை ஒன்றும் இல்லை. தாங்களே ஓட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கீழே வந்து எழுதவும் செய்வார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அங்கே பாதை என்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உலான்பாதரிலிருந்து தெற்கே தலன்சத்கத் வரை 500 கி.மீ.க்கு மேல் நல்ல தார் ரோடு இருக்கிறது. அதை விட்டு இறங்கிவிட்டால் வண்டித் தடம் மட்டும்தான். ஒரு தடம் பள்ளமாகிவிட்டால் அடுத்து வருகிறவர் பக்கத்திலேயே புதுத் தடம் போடுவார். பத்துப் பன்னிரண்டு தடங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி ஓடும், பிறகு பிரியும். எது கிணற்றுக்குப் போகிறது, எது யாரோ ஒருவருடைய குளிர்காலத் தொழுவத்தில் போய் நிற்கிறது என்று தடத்தைப் பார்த்து நமக்குத் தெரியாது. மச்சினன் போனில் வரைபடம் இறக்கி வைத்திருந்தான். அது தப்பாகக் காட்டவும் இல்லை. ஊர் எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில் என்று சரியாகவே சொன்னது. இடையில் இருக்கும் மணலும் சேறும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஓட்டுநருக்கு அறுபது வயது. 'அஹ்' என்று கூப்பிட்டோம், மங்கோலிய மொழியில் அண்ணன் என்று பொருள். எங்கள் வழிகாட்டி கல்லூரியில் படிக்கிற பெண். அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள். வண்டி ரஷ்யாவின் உவாஸ் வேன், அங்கே புர்கோன் என்கிறார்கள். 1965 முதல் உருவம் பெரிதாக மாறாமல் வருகிற வண்டி. முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் இருக்கும். மூடியைத் தூக்கிவிட்டு, வெளியே புழுதிக்காற்று அடித்தாலும் உள்ளே உட்கார்ந்தபடியே கையை விட்டு வேலை பார்த்தார். அஹ் ரேடியோ வைக்கவில்லை. சக்கரச் சத்தம் கேட்க வேண்டுமாம். என் அப்பாவும் மலை ஏறும்போது பாட்டை நிறுத்தச் சொல்வார்.

ஐந்தாம் நாள் மணல்மேடுகளிலிருந்து பயன்சாக் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். (1923-ல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் குழு டைனோசர் முட்டைகளைக் கண்டெடுத்த செம்பாறை அது. மச்சினன் இந்தப் பயணத்துக்கு வந்ததே அதற்காகத்தான்.) வழியில் ஒரு காய்ந்த ஓடை. அகலம் எங்கள் வைகையில் பாதிகூட இருக்காது. சரளைக்கல், ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. அஹ் கரையில் வண்டியை நிறுத்தி இறங்கினார். தெற்கே மலை உச்சியில் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். "மலையில் பெய்கிறது, காத்திருக்க வேண்டும்" என்றாள் அந்தப் பெண். மச்சினனுக்கு எரிச்சல். இரண்டு நிமிடத்தில் கடந்துவிடலாமே, வெளிச்சம் இருக்கும்போதே பயன்சாக் போக வேண்டாமா என்று என்னிடம் தமிழில் கத்தினான். அஹ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். முதலில் சத்தம்தான் கேட்டது, லாரியில் கருங்கல் கொட்டுகிற மாதிரி. அப்புறம் மேற்புறத்து வளைவிலிருந்து செந்நிறத்தில் நுரையும் குச்சியுமாக ஒரு மடிப்பு வந்தது. முழங்கால் உயரம் இருந்த தண்ணீர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பு அளவுக்கு ஏறியது. கடந்திருந்தால் நடு ஓடையில் இருந்திருப்போம் என்று சொல்ல மாட்டேன், முன்னாலேயே அக்கரை போயிருப்போம். ஆனால் அக்கரையிலும் இதே மாதிரி இன்னும் மூன்று ஓடைகள் இருந்தன. மறுநாள்தான் பார்த்தோம்.

காட்டாறு என்ற சொல் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மழை இல்லாத இடத்தில் வெள்ளம் வரும் என்பதும் தெரியும். ஆனால் அந்த ஓடையைப் பார்த்தபோது எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்று ராத்திரி கூடார முகாமுக்குப் போக முடியவில்லை. வந்த வழியே கொஞ்சம் திரும்பி, தூரத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த ஒரு கெர் வீட்டுக்கு அஹ் வண்டியை விட்டார். அவருக்கு அவர்களை முன்பின் தெரியாது. வாசலில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. எட்டவே நின்று "நொஹோய் ஹோர்" என்று குரல் கொடுத்தார். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம், வந்திருக்கிறோம் என்பதற்கும் அதுதான் சொல். வெளியே வந்த மூதாட்டியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, கால்நடை கொழுத்திருக்கிறதா என்பது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 'மழை தண்ணி உண்டா?' என்று ஆரம்பிப்பார்களே, அதே போல.

கெர் என்பது மடக்குக் கம்பிக் கதவு மாதிரி விரிந்து மடங்குகிற மரச்சட்டத்தின் மேல் ஆட்டு ரோமத்தை அமுக்கிச் செய்த கனத்த விரிப்பைச் சுற்றிய வீடு. கதவு தெற்கே பார்க்கும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது. உள்ளே உச்சி வளையத்தைத் தாங்கி நிற்கும் இரண்டு கால்களுக்கு நடுவே நடக்கக் கூடாது. அடுப்பில் குப்பை போடக் கூடாது. விருந்தாளி இடது பக்கமாகப் போய் உட்கார வேண்டும். வடக்குப் பக்கம் ஹோய்மோர், அது மரியாதைக்குரிய இடம். இதையெல்லாம் அந்தப் பெண் வண்டியிலேயே சொல்லிக்கொடுத்து, இறங்கும்போது என் மடித்துவிட்ட சட்டைக் கையையும் இறக்கிவிடச் சொன்னாள். இதற்குத்தான் வழிகாட்டி. இடங்களைக் காட்டுவது சின்ன வேலை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஹோய்மோருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவர் அஹ். வந்தவர்களில் மூத்தவர் அவர்தானே. பணம் கொடுத்து வந்த நாங்கள் அவருக்குக் கீழே உட்கார்ந்தோம். டீக் கிண்ணம் முதலில் அவர் கைக்குத்தான் போனது. வலது கையால் வாங்கி, இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். உப்புப் போட்ட பால் டீ. என் மனைவி சைவம், அதை அந்தப் பெண் சொன்னதும் மூதாட்டி ஒரு கேள்வியும் கேட்காமல் தனிப் பாத்திரத்தில் பால்சோறு வைத்தார். அடுப்பில் எரிந்தது அர்கால், காய்ந்த சாணம். நம் ஊர் எருவாட்டி மாதிரி தட்டிக் காயவைப்பதில்லை, மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து கிடப்பதைப் பொறுக்கி வருகிறார்கள். புகை உறுத்தவில்லை.

அவர்களை 'நாடோடி' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை ஏறிவிட்டது. அவர்கள் மால்ச்சின், கால்நடை வளர்ப்பவர்கள். குளிர்காலத்துக்கு ஓர் இடம், வசந்தத்துக்கு ஓர் இடம் என்று கணக்காக இடம் மாறுகிறவர்கள். ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு வருடம் முழுக்க நடக்கிறார்களே, அவர்களை யாரும் வழி தவறியவர்கள் என்று சொல்வதில்லை. மூதாட்டி 2009-10 குளிர்காலத்து ஜுட் பற்றிச் சொன்னார். பனி இறுகிப் புல் கிடைக்காமல் மந்தை மந்தையாகச் சாவதுதான் ஜுட். அந்த ஒரு குளிர்காலத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல் கால்நடைகள் செத்தன. இவர்களுக்கு மிஞ்சியது எத்தனை என்பதை விரல்விட்டே எண்ணிக் காட்டினார். பத்து விரலை நாலு முறை விரித்தார், ஐந்தாம் முறை மூன்று விரல். 2023-24 குளிர்காலத்தில் மறுபடியும் 70 லட்சத்துக்கும் மேல் செத்தன என்று படித்தபோது எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தெற்கே தாழ்வாகப் பெரிதாக மின்னியதைக் காட்டி அஹ் ஏதோ சொன்னார். திருப்பிச் சொல்லச் சொன்னேன். "பர்ஹஸ்பத்." பிரகஸ்பதி, வியாழன்! அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் மங்கலாக இருந்தது "சஞ்சிர்", நம் சனி. செவ்வாய் அங்காரக், புதன் புத், வெள்ளி சுகர். பௌத்தத்தோடு அங்கே போன சமஸ்கிருதச் சொற்கள். நான் நவக்கிரகத்தில் பாக்கியை வரிசையாகச் சொல்ல, அவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். பயணம் முழுவதிலும் நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பு இல்லாமல் பேசியது அந்தப் பத்து நிமிடம்தான்.

காலையில் ஓடையில் தண்ணீர் இல்லை, சேறு. அஹ் செருப்பைக் கழற்றிவிட்டு அக்கரை வரை நடந்தார். அங்கங்கே குனிந்து மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து கைகாட்டிய இடத்தில்தான் வண்டி இறங்கியது. நாங்கள் கிளம்பும்போது மூதாட்டி கரண்டியால் பாலை அள்ளி வண்டி போகும் திசையில் தெளித்துக்கொண்டு நின்றார்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மலைவாசஸ்தலங்களில் டிசம்பர் மாதக் குளிரில், அறை எடுத்தவர்கள் ரஜாய் போர்த்திக்கொண்டு தூங்கும்போது அவர்களைக் கூட்டிவந்த ஓட்டுநர் எங்கே தூங்குகிறார் என்று பார்த்திருக்கிறீர்களா? வேனின் பின்சீட்டில், கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு. கழிவறைக்குக்கூடக் கெஞ்ச வேண்டும். அப்பாவை ஒரு விடுதியில் வரவேற்பறை சோபாவில் உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்டார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு, விடுமுறைக்கு அவரோடு போயிருந்தேன். விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்வறை இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. அப்பா அதற்குப் பல வருடம் முன்பே சாவியை ஒப்படைத்துவிட்டார். 'மங்கோலியாவை உயர்த்தி நம் ஊரைத் தாழ்த்துகிறான்' என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் கண்ணால் பார்த்த இரண்டையும் எழுதுகிறேன்.

உங்களுக்கு: வண்டி, ஓட்டுநர், வழிகாட்டி எல்லாம் சேர்ந்த தொகையை நாலு பேர் பகிர்ந்தால் பயமுறுத்தாது. பேசும்போது ஓட்டுநரின் சாப்பாடும் படுக்கையும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள், சேர்த்தி இல்லை என்றால் நீங்கள் சேர்த்துக் கொடுங்கள். ஜூலை 11 முதல் 13 வரை நாதம் திருவிழா, மல்யுத்தம், குதிரைப் பந்தயம், வில்வித்தை. அந்த நாட்களில் ஓட்டுநரும் வீட்டோடு இருக்க ஆசைப்படுவார், தேதி குறிக்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் உலான்பாதரில் அப்பா வேனோடு நிற்கிற படத்தை அஹ்வுக்குக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு வண்டிக்குள் போய் ஒரு துணிப்பை நிறைய ஆருல் எடுத்து வந்து, அப்பாவுக்கு என்று கொடுத்தார். தயிரை வடித்துக் கல் மாதிரி காயவைத்தது. வீட்டுக்கு வந்து மணல்மேட்டுப் படம், டைனோசர் பாறை, ஒட்டகம் எல்லாம் காட்டினேன். அப்பா ஒரு துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, "நல்ல புளிப்பு" என்றார். அப்புறம் கேட்டார்: "அந்த டிரைவர் ராத்திரி எங்கடா படுத்தாரு?"

"எனக்கு அடுத்த கட்டில்லப்பா" என்றேன்.

பையிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.