ஓடித்தான் இடம் பிடிக்க வேண்டும்

கேள்வி: அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்துக்கு முன்னால், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யவே இரண்டு தகுதிப் பந்தயங்கள் நடத்துகிறார்கள். ஒவ்வொரு காரையும் தனியாக ஒரு சுற்று ஓடவிட்டு நேரத்தைக் குறித்தால் போதாதா? கூடுதலாக டிக்கெட் விற்கும் தந்திரம்தானே இது? போதாக்குறைக்கு, அந்தக் காலத்துத் தகுதிப் பந்தய வெற்றிகளை, இந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்கார், நிஜ வெற்றிகளாகவே கணக்கில் வைத்திருக்கிறது. அவற்றை நீக்க வேண்டாமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: டிக்கெட் விற்றார்கள், மறுக்கவில்லை. டேடோனா தடத்தைக் கட்டிய பில் ஃபிரான்ஸ் பந்தயம் நடத்திப் பிழைத்தவர். 1959-இல் தடத்தைத் திறந்த முதல் ஆண்டே 100 மைல் தகுதிப் பந்தயங்கள் இரண்டு வைத்தார். ஒன்று கூரையுள்ள கார்களுக்கு, இன்னொன்று கன்வெர்ட்டிபிள்களுக்கு. ஆனால் காசு வந்தது என்பதாலேயே அது வெறும் தந்திரம் ஆகிவிடாது. உங்கள் கேள்வியின் அடிப்படையே தவறு என்று நினைக்கிறேன். தனியாக ஓடும்போது வேகமான கார்தான் கூட்டத்திலும் வேகமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். டேடோனாவில் அப்படி நடப்பதில்லை.

1960-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனியர் ஜான்சனிடம் இருந்தது முந்தைய ஆண்டின் செவ்ரோலெ. போன்டியாக் கார்களுக்குப் பக்கத்தில் அதை நிறுத்திப் பேசவே முடியாது, அவ்வளவு மந்தம். பயிற்சியின்போது ஒரு போன்டியாக்கின் பின்பம்பரை ஒட்டினாற்போல் ஓட்டிப் பார்த்தார். விடாமல் பின்தொடர முடிந்தது! முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்து வழி விடுகிறது; பின்னால் வருபவருக்குத் தள்ள வேண்டிய காற்று குறைவு. அவர் ஒட்டி வருவதால் முன்காரின் முதுகில் உண்டாகும் இழுப்பும் குறைகிறது. ஆக, ஒற்றைக் காரை விட ஒட்டிப்போகும் இரண்டு கார்களுக்கு வேகம் அதிகம். டிராஃப்டிங் என்று இன்று எல்லோரும் சொல்லும் வித்தை இதுதான். ஒன்பதாவது இடத்தில் கிளம்பிய ஜான்சன் அந்த ஆண்டு டேடோனா 500-ஐ ஜெயித்தார். கடிகாரத்தை மட்டும் நம்பியிருந்தால் அவரை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்?

அப்புறம், முதல் இரண்டு இடங்களை இன்றும் தனிச் சுற்று நேரத்தை வைத்தே கொடுக்கிறார்கள்; அந்தக் கடிகாரமும் முழு உண்மையைச் சொன்னதில்லை. ஒரே ஒரு சுற்றுக்காகத் தனி எஞ்சின் கட்டி, நேரம் குறித்ததும் அதைக் கழற்றிவிட்டு வேறு எஞ்சின் மாட்டிய காலம் இருந்தது. 1987-இல் பில் எலியட் மணிக்கு 210.364 மைல் வேகத்தில் முதலிடம் பிடித்து, பந்தயத்தையும் ஜெயித்தார், அது அபூர்வம். 2000-இல் டேல் ஜாரெட் முதலிடத்தில் கிளம்பி ஜெயித்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடியும் முதலிடத்தில் கிளம்பிய ஒருவராலும் டேடோனா 500-ஐ ஜெயிக்க முடியவில்லை. 2009-இல் ஜெயித்த மாட் கென்செத் கிளம்பியது 39-ஆவது இடத்தில்.

உடனே டேல் எர்ன்ஹார்ட்டைக் காட்டுவீர்கள். 1990 முதல் 1999 வரை பத்து ஆண்டும் விடாமல் தகுதிப் பந்தயம் ஜெயித்தவர், டேடோனா 500-ஐ ஒரே ஒரு முறை, 1998-இல்தானே ஜெயித்தார் என்பீர்கள். சரி. ஆனால் 1990-இல் கடைசிச் சுற்றில் டயர் கிழியும் வரை முன்னால் போனது யார்? கூட்டத்துக்குள் காற்றைப் படித்து ஓட்டுவதில் அந்தப் பத்தாண்டுகளில் அவருக்கு நிகரில்லை. அதைச் சரியாகக் காட்டிக் கொடுத்தது தகுதிப் பந்தயம்தான்.

இனி வெற்றிக் கணக்குக்கு வருகிறேன். 1971 வரை இந்தத் தகுதிப் பந்தயங்களுக்கும் ஆண்டுப் பட்டத்துக்கான பாயின்ட் உண்டு, ஜெயித்தால் முழு வெற்றி. 1972-இல் அட்டவணையைச் சுருக்கி, குறைந்தது 250 மைல் பந்தயங்களை மட்டும் வைத்துக்கொண்டபோது அந்த அந்தஸ்து போயிற்று. பின்னாளில் வந்த விதியைக் கொண்டு முன்னால் ஓடியவரின் வெற்றியைப் பறிக்கச் சொல்கிறீர்கள். பிற்பாடு அமெரிக்காவின் இன்னொரு பெரிய பந்தயமான இண்டியானபோலிஸ் 500-ஐ மூன்று முறை வென்ற ஜானி ரதர்ஃபோர்டுக்கு நாஸ்காரின் உச்சத் தொடரில் இருப்பது ஒரே வெற்றி. அது 1963-இல் டேடோனா தகுதிப் பந்தயத்தில் வந்தது. அதை அழித்துவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்?

அவை ஒப்புக்கு நடந்த ஓட்டங்களும் அல்ல. 1961-இல் ஒரே நாளில் முதல் தகுதிப் பந்தயத்தில் மகன் ரிச்சர்ட் பெட்டியின் கார் தடுப்பைத் தாண்டி வெளியே பறந்தது. இரண்டாவதில் அப்பா லீ பெட்டியின் கார், ஜானி போஷாம்பின் காரோடு சேர்ந்து தடுப்பை உடைத்துக்கொண்டு போனது. லீ பெட்டி 1959-இல் முதல் டேடோனா 500-ஐ ஜெயித்தவர். போஷாம்பை முந்தினாரா என்று புகைப்படங்களைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று நாள் ஆயிற்று. 1961 விபத்துக்குப் பிறகு லீ பெட்டி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு ஓட்டியது வெகு சில பந்தயங்களே. 1970-இல் டால்மேஜ் பிரின்ஸும் 1972-இல் ஃப்ரைடே ஹாஸ்லரும் தகுதிப் பந்தயத்திலேயே உயிரை விட்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு 'நிஜப் பந்தயமா' என்று கேட்க எனக்கு மனம் வராது.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. 2005 முதல் 2012 வரை, பாயின்ட் பட்டியலில் முதல் 35 அணிகளுக்கு எப்படி ஓடினாலும் இடம் உறுதி. 2016-இல், அணிகளுக்கு நிலையான இடம் தரும் சார்ட்டர் முறை வந்தது. 40 இடங்களில் 36 இடங்களுக்கு முன்கூட்டியே சீட்டு எழுதியாயிற்று. மீதி நான்கில் இரண்டு நேரத்தை வைத்து. தகுதிப் பந்தயத்தில் ஓடி நுழைய இருப்பது பந்தயத்துக்கு ஒன்றாக இரண்டே இடம். மற்றவர்களுக்கு வரிசை மாறும், கொஞ்சம் பாயின்ட் கிடைக்கும். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய பயம் கிடையாது. முதலீடு போட்ட அணி முதலாளிகளுக்கு உத்தரவாதம் வேண்டும் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த உத்தரவாதத்தில் குறைந்தது பத்து இடத்தையாவது திரும்பப் பெற்று, அந்த இரண்டு பந்தயங்களில் ஓடி ஜெயிப்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.