ஏறும்போது சூடு, எறங்குனா புகை: மலை வண்டி எஞ்சின் கேள்வி-பதில்

இந்த தடவ வந்ததுல பாதி கேள்வி "அண்ணா வண்டி ஒரு மாதிரி இருக்கு, எவ்ளோ செலவாகும்"ங்கற ரகம். அதுக்கு ஜோசியர்கிட்ட தான் போகணும். எப்போ வருது, ஏறும்போதா எறங்கும்போதா, காலைல முதல் ஸ்டார்ட்லயா சூடானப்புறமா, இதெல்லாம் எழுதுனவங்களுக்கு மட்டும் பதில் எழுதிருக்கேன்.

கேள்வி: மேட்டுப்பாளையத்துலேந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டுனா டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது. கோயமுத்தூர்ல ஓட்டுனா ஒண்ணுமே இல்ல. 9 வருஷ பெட்ரோல் கார். தெர்மோஸ்டாட்ட கழட்டி எறிஞ்சிட்டா சரியாயிடும்னு மெக்கானிக் சொல்றார், கழட்டலாமாங்க?

வேண்டாங்க. எஞ்சின் சூடானப்புறம் கூலண்ட்ட (எஞ்சினக் குளுர வைக்கிற தண்ணி) ரேடியேட்டருக்கு திறந்து விடுற வால்வு தான் தெர்மோஸ்டாட். அது திறக்காம ஜாம் ஆயிருந்தா புதுசு மாத்தணும், எடுத்துட்டு சும்மா ஓட்டக்கூடாது. அது இல்லேன்னா ஊட்டி குளுருல எஞ்சின் சூடாகவே நேரமாகும், வண்டி இன்னும் குளுந்து கெடக்குதுன்னு நெனச்சு ஈசிஎம் (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பெட்ரோல ஜாஸ்தி ஊத்திட்டே இருக்கும், மைலேஜ் போகும், பிளக் கருக்கும், ஹீட்டரும் சரியா வராது.

கீழ ரோட்டுல 60ல போறப்போ காத்து தானா ரேடியேட்டர்ல அடிக்குது. மலைல 2வது கியர்ல எஞ்சின் முக்கிட்டு இருக்கும், வண்டி 20ல ஊர்ந்துட்டு இருக்கும், அப்போ காப்பாத்துறது ஃபேன் ஒண்ணு தான் (கல்லாறுலேந்து குன்னூர் வரைக்கும் ரயிலுக்கே பல்சக்கரம் வச்சுத்தான் ஏத்துறாங்க, நம்ம கார் எம்மாத்திரம்). அதனால மொதல்ல ஏசிய அணைச்சுட்டு வண்டிய நின்ன எடத்துலயே ஓட விட்டு, சூடேறுனா ஃபேன் சுத்துதான்னு பாருங்க. அப்புறம் ரேடியேட்டர் இடுக்குல சேறு, பூச்சி அடைச்சிருக்கான்னு பாருங்க. அடுத்தது வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி. மூடிய யாரும் மதிக்கிறதில்ல, ஆனா ஊட்டி உயரத்துல, 2240 மீட்டர்ல, திறந்த பாத்திரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிரும், எஞ்சின்ல கொதிக்காம இருக்குறதுக்கு அந்த மூடி பிடிச்சு வச்சிருக்குற பிரஷரும் கூலண்ட்டும் தான் காரணம். ஓடைத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள செம்மண் கலர்ல இருந்துச்சுன்னா மொத்தமா ஃபிளஷ் பண்ணி பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்ட் வாட்டர் போடச் சொல்லுங்க.

வழியில முள்ளு ஏறுனா ஏசிய அணைங்க, ஹீட்டர ஃபுல் சூட்டுல வைங்க, வேர்க்கும், பரவால்ல, எஞ்சின் சூட்ட அது வெளிய இழுக்கும். செவப்புக்கு போயிட்டா இல்ல ஆவி வந்தா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிருங்க, அரை மணி நேரத்துக்கு மூடி கிட்டயே போகாதீங்க, கை வெந்து வந்தவங்கள பாத்திருக்கேன். காத்திருக்குறப்போ கண்ணாடிய ஏத்தி வைங்க, கொரங்கு வரும்.

கேள்வி: ஆயில் ஊத்துற மூடிய திறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையா ஒட்டிருக்கு. ஹெட் கேஸ்கட் போச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துறார். ஊட்டில தான் வண்டி, பசங்கள ஸ்கூல்ல விட 2 கிலோமீட்டர், அவ்ளோ தான் ஓட்டம்.

பயப்படாதீங்க அக்கா, பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஹெட் கேஸ்கட்ங்கறது எஞ்சின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உக்காந்திருக்குற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற தகடு, அது போனா கூலண்ட் ஆயிலோட கலக்கலாம். டிசம்பர், ஜனவரி பனில எஞ்சினுக்குள்ள ஈரம் கோத்துக்கும், 2 கிலோமீட்டர் ஓட்டத்துல அது ஆவியாகி வெளிய போற அளவுக்கு ஆயில் சூடாகாது, அந்த ஈரம் ஆயிலோட சேந்து மூடில மோராயிடுது. வாரத்துக்கு ஒரு தடவ கோத்தகிரி வரைக்கும் போயிட்டு வாங்க, கொறையும்.

ஆனா டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற கம்பி) உருவிப் பாருங்க. அதுல இருக்குற ஆயிலே பால் காப்பி கலர்ல இருந்தாலோ, ரெண்டு வாரத்துல கூலண்ட் கொறைஞ்சாலோ, வண்டி நல்லா சூடானப்புறமும் வெள்ளைப் புகை நிக்காம வந்தாலோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தான் சரி, ஓட்டாம டோ பண்ணி கொண்டு போங்க. டிப்ஸ்டிக்க சமதளத்துல நிறுத்தி பாக்கணும்னு புக்குல எழுதிருக்கும், ஊட்டில சமதளத்தக் கண்டுபிடிக்கிறதே தனி வேலை, பெட்ரோல் பங்க்ல பாத்துக்கோங்க.

ஹெட்ட கழட்டுனா அத லேத்துக்கு அனுப்பி வளைஞ்சிருக்கா, வெடிப்பு இருக்கான்னு செக் பண்ணி, தேவைப்பட்டா ஃபேசிங் பண்ணி (அடிப்பக்கத்த சமமா சீவி) தான் மாட்டணும், வெறும் கேஸ்கட் மட்டும் மாத்துனா கொஞ்ச நாள்ல திரும்பி வரும். போல்ட்ட டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்கம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு கம்பெனி சொன்ன வரிசைல டைட் பண்றாரான்னு கேளுங்க. கை அளவு தெரியும்னு சொல்றவர்கிட்ட இந்த வேலைய குடுக்காதீங்க.

கேள்வி: டிஎன் 43 பெட்ரோல் வண்டி, 1 லட்சத்து 30 ஆயிரம் ஓடிருக்கு. கல்லட்டி எறங்கி மசினகுடில ஆக்சிலேட்டர் மிதிச்சா நீலமா ஒரு புகை, அப்புறம் இல்ல. ஏறும்போதும் இல்ல. எஞ்சின் வேலைக்கு 60 ஆயிரம் கேக்குறாங்க.

தம்பி, இவ்ளோ தெளிவா எழுதுனதுக்கே உனக்கு பாதி செலவு மிச்சம். 36 கொண்டை ஊசி வளைவும் ஆக்சிலேட்டர் விட்டு கியர்ல எறங்குறப்போ எஞ்சின் உள்பக்கம் இழுவை ரொம்ப ஜாஸ்தி இருக்கும், வால்வு சீல் காஞ்சு போயிருந்தா அந்த இழுவைல ஆயில் கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கிரும், கீழ வந்து மிதிச்ச உடனே எரிஞ்சு நீலமா வரும். பிஸ்டன் ரிங் போயிருந்தா ஏத்தத்துல, லோடுல, எப்பவும் புகைக்கும், உனக்கு அப்படி இல்லயே. கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள எவ்ளோ பிரஷர் ஏறுதுன்னு பாக்குறது) பண்ணச் சொல்லு, நாலு சிலிண்டரும் கம்பெனி சொன்ன அளவுல, ஏறக்குறைய ஒண்ணா காட்டுனா சிலிண்டர கடையற போர் வேலை எதுவும் வேண்டாம், சீல் மாத்துனா போதும். அதுவரைக்கும் ஆயில் லெவல வாரா வாரம் பாரு. புகைக்கு பயந்து நியூட்ரல்ல மட்டும் எறங்கிடாத, பிரேக் சூடாகி புடிக்காம போயிடும்.

கேள்வி: நியூட்ரல்ல எறங்குனா டீசல் மிச்சமாகும்னு சொல்றாங்களே?

ஆகாது. இப்போ வர்ற இன்ஜெக்‌ஷன் வண்டில கியர்ல வச்சுட்டே ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா டீசல் நின்னுரும். நியூட்ரல்ல தான் ஐடில் ஓடுறதுக்கு டீசல் குடிக்கும்.

கேள்வி: கூடலூர்லேந்து ஊட்டி ஏறும்போது டீசல் எஸ்யூவி திடீர்னு இழுக்கல, உஸ்ஸுன்னு சத்தம், பின்னாடி கருப்பு புகை. டர்போ போச்சா?

மொதல்ல டர்போலேந்து (எஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புறது) இன்டர்கூலர் (அந்த காத்த குளுர வைக்கிறது) வழியா போற ரப்பர் ஹோஸ பாருங்க, வெடிப்பு விட்டிருக்கும், இல்ல கிளாம்ப் கழண்டிருக்கும். மலை மேல காத்தே கீழ இருக்குறதுல முக்கா பங்கு தான், அதுலயும் டர்போ அமுக்குற காத்து வெளிய ஓடிட்டா டீசல் முழுசா எரியாம கருப்பா தான் வரும். ஏர் ஃபில்டரையும் பாத்துருங்க. இது ரெண்டும் பாக்காம டர்போ மாத்தச் சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க.

கேள்வி: செக் எஞ்சின் லைட் எரியுது, கோத்தகிரி எஸ்டேட் ரோட்டுல ஓட்டலாமா?

நின்னு எரிஞ்சா மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் போகலாம். கண் சிமிட்டுற மாதிரி மின்னுனா ஒரு சிலிண்டர் எரியலன்னு அர்த்தம், ஓட்டாதீங்க, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடும், அது பெரிய காசு. செவப்பு ஆயில் லைட்டுன்னா அந்த நிமிஷமே ஆஃப், எஸ்டேட் ரோட்டுல கல்லு அடிச்சு எஞ்சினுக்கு அடில இருக்குற ஆயில் சேம்பர் ஓட்டையாகி ஆயில் மொத்தமும் போயிருக்கலாம். பானெட்ட திறந்து ஒயர எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க, குளுருக்கு சூடான எஞ்சின்ல தான் படுக்கும். ஸ்கேன் பண்ணுறப்போ வர்ற கோளாறு கோட (நம்பர) போட்டோ எடுத்துக்கோங்க. பி 0301ன்னு வந்தா முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியா எரியல)னு தான் அர்த்தம், பிளக்குக்கு கரண்ட் குடுக்குற இக்னிஷன் காயில மாத்துன்னு அர்த்தம் இல்ல, அந்த காயில பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டா கோடும் கூடவே மாறுதான்னு பாத்துட்டு தான் புதுசு வாங்கணும்.

கேள்வி: ஒர்க்‌ஷாப்ல ஏமாத்தாம இருக்க என்ன பண்றதுங்க?

எல்லாரும் ஏமாத்துறவங்க இல்ல, நானும் அதே தொழில் தான். "இந்த பார்ட்ட மாத்துங்க"ன்னு போய் நிக்காதீங்க, மாத்திருவாங்க, பில்லும் வரும், கோளாறு அப்படியே இருக்கும். எந்த வளைவுல, எந்த கியர்ல, என்ன சத்தம்னு சொல்லுங்க, முடிஞ்சா மெக்கானிக்க பக்கத்துல உக்கார வச்சு அதே ஏத்தத்துல ஒரு ரவுண்டு போங்க. கழட்டுறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் எழுதி வாங்குங்க, கழட்டுனப்புறம் தொகை கூடுனா போன் பண்ணி கேட்டுட்டு தான் செய்யணும்னு முதல்லயே சொல்லிருங்க. கழட்டுன பழைய பார்ட்ஸ எல்லாம் ஒரு கோணிப் பைல போட்டு டிக்கில வைக்கச் சொல்லுங்க.